ஐவி பிளேஸ் சுவரில் ஒரு நீலப் பலகை

'வித்தவுட் யூ' பாட்டை நான் முதலில் கேட்டது மரியா கேரி குரலில். 1994இல் அது வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தப் பாட்டு என்றே இருபது வருஷத்துக்கும் மேலாக நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மாறியது வேல்ஸில், ஸ்வான்சி ரயில் நிலையத்துக்கு வெளியே, ஒரு மழை நாளில்.

வேலை விஷயமாகப் போய்விட்டு கார்டிஃப் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வண்டிக்கு நேரம் இருந்ததால் சும்மா வெளியே நடந்தேன். நிலையத்தை ஒட்டினாற்போல ஐவி பிளேஸ் என்று ஓர் இடம். சுவரில், புகழ்பெற்றவர்களின் நினைவாக வைக்கும் வட்டமான நீலப் பலகை. பீட் ஹாம், பேட்ஃபிங்கர் என்ற பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றேன். மழைக்கு ஒதுங்கியிருந்த பெரியவர் ஒருவர், கையில் காய்கறிப் பையோடு, இவர்களைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். உடனே 'வித்தவுட் யூ' பல்லவியை மெல்லிய குரலில் ஒரு வரி பாடினார்.

"இது மரியா கேரி பாட்டாச்சே?"

"எழுதினது இந்த ஊர்ப் பையன்" என்று பலகையைக் காட்டினார்.

பீட் ஹாம் 1947இல் ஸ்வான்சியில் பிறந்தவர். அவருடைய ராக் இசைக்குழுவுக்கு முதலில் வைத்த பெயர் ஐவீஸ், அதுவும் இந்த இடத்தின் பெயரிலிருந்து எடுத்ததுதான். பிறகு பீட்டில்ஸ் நடத்திய ஆப்பிள் ரெக்கார்ட்ஸில் சேர்ந்து பேட்ஃபிங்கர் ஆனார்கள். இதெல்லாம் பெரியவர் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டார். பாட்டு பிறந்த கதைக்கு வந்ததும்தான் பையைக் கீழே வைத்தார்.

ஒரு நாள் மாலை பீட் தன் காதலியோடு வெளியே கிளம்ப இருந்தார். அந்த நேரம் பார்த்து குழுவில் இருந்த டாம் எவன்ஸ் ஒரு பாட்டு யோசனையோடு வந்தார். இன்றைக்கு வேண்டாம், இவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் பீட். அந்தப் பெண்ணோ, பரவாயில்லை, போய் வேலையைப் பார் என்று சிரித்தபடி சொன்னாள். உதடு சிரிக்கிறது, ஆனால் கண் வாடியிருக்கிறது என்று பீட்டுக்குத் தெரிந்தது. அவளிடமே அதைச் சொன்னார். அன்றிரவே அது சரணத்தில் ஒரு வரியானது.

பீட்டிடம் சரணம் இருந்தது, அதற்கேற்ற பல்லவி இல்லை. டாமிடம், தன்னை விட்டுப் போன பெண்ணை நினைத்து எழுதிய பல்லவி இருந்தது, சரணம் சரியாக வரவில்லை. இரண்டு அரைப் பாட்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான் 'வித்தவுட் யூ'. சரணம் தணிந்த குரலில் ஒருவரைப் பார்த்துப் பேசுகிறது. பல்லவி யாரையும் பார்க்காமல் கதறுகிறது. ஏன் அப்படி என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவை இரண்டு பேருடைய வலி.

1970இல் 'நோ டைஸ்' இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டாக அதை வைத்தார்கள். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ தனிப்பாட்டாகக்கூட வெளியிடவில்லை. ஒரு விருந்தில் இதைக் கேட்ட அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன், பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்துத் தேடி, பிறகு தானே பாடினார். 1972இல் அது அமெரிக்காவில் 4 வாரம், பிரிட்டனில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டு எழுதுபவர்களுக்கு பிரிட்டனில் கொடுக்கும் ஐவர் நோவெல்லோ விருது பீட்டுக்கும் டாமுக்கும் கிடைத்தது.

பணம் மட்டும் கைக்கு வரவில்லை. குழுவின் வரவு செலவெல்லாம் அமெரிக்க மேலாளரின் பிடியில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த இசைத்தட்டு நிறுவனம் கொடுத்த முன்பணத்தில் கணக்கு உதைத்தது. நிறுவனம் வழக்குப் போட்டு, கடைக்குப் போயிருந்த புதுத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1975 ஏப்ரல் 24 அன்று பீட் தன் உயிரை முடித்துக்கொண்டார். 28ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. மகள் பிறந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. 1983 நவம்பரில் டாமும் அப்படியே போனார். அதற்குள் இந்தப் பாட்டின் ராயல்டியில் யாருக்கு எவ்வளவு என்பதே பெரிய சண்டையாகியிருந்தது. இதைச் சொல்லும்போது பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திறந்து வைத்தது 2013 ஏப்ரல் 27 அன்று. பீட் இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு 66 வயது.

வண்டிக்கு நேரமாகிவிட்டது. முதலில் அவர்கள் பாடியதைக் கேள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டேன். நில்சனின் பியானோ இல்லை, மரியாவின் உச்சி சுருதி இல்லை. கண்ணைப் பற்றிய அந்த வரி வந்தபோது பீட் அதை அழுத்திக்கூடப் பாடவில்லை, பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார். கார்டிஃப் வரும்வரை அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.