மறு: மரத்துண்டும் பிசினும் சேர்ந்த பேனாக்கட்டைக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

பேனா கடைவோருக்கான கலைச்சொல் பட்டியலின் வரைவுக்காக, மரத்துண்டைச் சேர்த்துப் பிசினில் வார்த்த கட்டைக்குப் பெயர் தேடும் இரண்டு நாள் மடல்களையும் ஒரே மூச்சில் படித்தேன். விரலில் ஒட்டிய பிசினைச் சுரண்டிக்கொண்டே எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'மரப்பிசின் பேனா' என்றே வைத்துவிடலாமே. மரமும் இருக்கிறது, பிசினும் இருக்கிறது.

இருக்கிறதுதான் ஐயா. ஆனால் மரப்பிசின் என்ற நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. பட்டையைக் கீறினால் வடிகிறதே, அதுதான் மரப்பிசின். நாம் பேசுவதோ புட்டியில் வரும் செயற்கைப் பிசின்: எபாக்சி, பாலியூரித்தேன், பாலியெஸ்டர். 'மரப்பிசின் பேனா' என்று படிப்பவர், வேலமரத்துக் கோந்தில் பேனா செய்கிறார்களாக்கும் என்று நினைப்பார். திருப்பிப்போட்டு 'பிசின்மரம்' என்றாலும் பிசின் தரும் மரம்தான் கண்ணில் நிற்கும்.

> உருக்கி ஊற்றினால்தானே வார்ப்பு? பிசினை யார் உருக்குகிறார்கள்?

பெயரில் 'வார்ப்பு' வரக்கூடாது என்கிறீர்கள், இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்த்தல் என்றால் ஊற்றுதல், அவ்வளவே. தலைக்கு எண்ணெய் வார்க்கிறோம், தாரை வார்க்கிறோம், எதை உருக்கினோம்? பிசினையும் கடினமாக்கியையும் கலந்து அச்சில் ஊற்றுகிறோம், அச்சின் வடிவிலேயே இறுகுகிறது. வார்ப்பேதான்.

'மரநெகிழி'யும் ஆகாது. மரத்தூளை நெகிழியோடு கலந்து செய்யும் பலகைக்கு அது பொருந்தும். அங்கே மரம் தூளாகி முகம் இழந்துவிடுகிறது. நம் வேலையில் மரம் மரமாகவே தெரியவேண்டும், அதற்குத்தானே இத்தனை பாடு.

செய்து பார்க்காதவர்களுக்காக: மரத்தில் கட்டிபோல் புடைத்து வளரும் மரக்கழலையில் அறுத்து மிஞ்சிய ஓரத்துண்டை எடுத்து, பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குகிறோம். அடியில் இருக்கும் மேடுபள்ளத்தைத் தொடுவதில்லை. அப்படியே அச்சில் கிடத்தி, நிறம் கலந்த பிசினை ஊற்றுகிறோம். இறுகியதும் முக்கால் அங்குலச் சதுரத்தில், ஐந்து அங்குல நீளத்துக்கு அறுத்து, நடுவே துளையிட்டு, பித்தளைக் குழலை ஒட்டிக் கடைசலில் ஏற்றுகிறோம். உளி பட்டதும் மரப்பக்கம் தூளாக உதிரும், பிசின்பக்கம் நாடாவாகச் சுருண்டு வரும். ஒரே சுற்றில் இரண்டு ஓசை. முடித்துக் கையில் உருட்டினால் மரம் கரையாகவும் பிசின் நீராகவும் தெரியும். அதனால் 'கரைவார்ப்பு' என்று ஒருவர் எழுதியபோது மனம் அதிலேயே நின்றுவிட்டது. ஆனால் வேதியியல் படித்தவர் எதையோ கரைத்து வார்த்ததாகப் படிப்பார். மனமில்லாமல்தான் விட்டேன்.

> பொதிவார்ப்பு?

பூவையோ வண்டையோ பிசினுக்குள் முழுதாக வைத்து மூடினால் பொதிவார்ப்பு. அங்கே அது அழகான சொல். பொதிந்தது உள்ளே இருக்கும். நம் மரமோ கடைந்தபின் மேற்பரப்புக்கே வந்து, பிசினோடு தோளுரசி நிற்கிறது.

என் முன்மொழிவு: சேர்வார்ப்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. மரத்தை முன்னால் போட்டால் மரச்சேர்வார்ப்பு. ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க நான் அதைக் குட்டி போடச் சொல்வேன். ஊசியிலை மரத்தின் கூம்பைச் சேர்த்து வார்ப்பவர்கள் உண்டு: கூம்புச் சேர்வார்ப்பு. எதுவும் சேர்க்காமல் பிசினை மட்டும் வார்த்தால் தனிவார்ப்பு. தனியும் சேர்வும் எதிரெதிரே நின்றுகொள்கின்றன, விளக்கம் தேவைப்படவில்லை.

கடைவதற்கு முந்தைய சதுரத்துண்டுக்குக் 'கடைகட்டை' என்று எழுதியிருந்தீர்கள். இலக்கணம் சரி, காதுதான் ஏற்கவில்லை. வேகமாகச் சொன்னால் கடையைக் கட்டச் சொல்வதுபோல் இருக்கிறது. பட்டறையில் கடைசல் என்ற சொல் நன்றாகப் புழங்குகிறது. கடைசல் கட்டை என்றே விடுவோமே.

இனி, எனக்கு உண்மையில் உறுத்திய சொல்: 'குமிழி நீக்கம்'. வரைவில் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடக்கலன், காற்றை அழுத்தி ஏற்றும் அழுத்தக்கலன் இரண்டின் வேலைக்கும் இதையே போட்டிருக்கிறார்கள். வெற்றிடத்தில் குமிழி பெருத்து மேலே வந்து உடைகிறது, அது நீக்கம். அழுத்தத்தில் குமிழி எங்கும் போவதில்லை. அளவியில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம்) காட்டும்போது, வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டினால் உள்ளே ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தம். குமிழியின் கனஅளவு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். அந்த நிலையிலேயே பிசின் இறுகுவதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இறுகுமுன் காற்றைத் திறந்துவிட்டால் திரும்பவும் பெருக்கும். ஆகவே இது குமிழி ஒடுக்கம். 'நீக்கம்' என்று படித்த புதியவர், குமிழிதான் போய்விட்டதே என்று கலனை அவசரமாகத் திறப்பார். சொல்லால் வரும் சேதம்.

ஈரமரத்தில் பாலியூரித்தேன் ஊற்றினால் எந்தக் கலனும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடுகிறது. தொட்டால் உலர்ந்தது போலவே இருந்த துண்டை நம்பி ஒருமுறை வார்த்தேன். அச்சைப் பிரித்தால் மரமும் பிசினும் சந்திக்கும் இடம் முழுக்கச் சோப்பு நுரை உறைந்த மாதிரி. பிடிவாதமாகக் கடைசலில் ஏற்றினேன், அந்தக் கோட்டிலேயே பிளந்து பாதி கட்டை தரையில். இதற்கு 'நுரைக்கோடு' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன், பட்டியலில் சேர்ப்பதானால் சேருங்கள்.

மென்மரத்தின் துளைகளில் வெற்றிடத்தால் பிசினை ஏற்றிச் சூட்டில் இறுக்குவதற்கு 'நிலைப்படுத்தல்' வேண்டாம். என்ன நடந்தது என்பதை அது சொல்லவில்லை. சாயமூட்டல் இருக்கிறது, பிசினூட்டல் இருக்கட்டும்.

> பேனா என்று எழுதலாமா? தூவல்தானே தமிழ்?

எழுதலாம் ஐயா. அந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

சேர்வார்ப்புக்கு மறுப்பு இருந்தால் வரைவு போவதற்குள் எழுதுங்கள். பிசின் கலந்தபின் ஊற்றுவதற்கு இருக்கும் அவகாசத்துக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'கலன் ஆயுள்' என்று வரைவில் இருப்பது கலனுக்கு ஆயுள் குறித்ததுபோல் இருக்கிறது. 'வார்கெடு' என்று ஒன்று நாக்கில் நிற்கிறது. கெடு என்றதும் கெட்டுப்போவது நினைவுக்கு வருகிறதா, சொல்லுங்கள்.