கொளுவு சாவிப்பலகை: டெப்லெட்டோடு சேரும் கீபோர்ட்டுக்கு ஒரு பெயர்

அன்பின் நண்பர்களுக்கு,

டெப்லெட்டோடு வைத்துப் பாவிக்கும் கழற்றக்கூடிய, கம்பியில்லாத கீபோர்ட்டுக்கு, எங்கள் சொற்கோவையில் (கலைச்சொற் பட்டியலில்) சேர்ப்பதற்கென்று நீங்கள் மின்னஞ்சலில் முன்வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தேன். பிரிபலகை, ஒட்டுப்பலகை, காந்தப்பலகை, தொடுபலகை, கழல் விசைப்பலகை என்று நல்ல உழைப்பு நடந்திருக்கிறது. ஆனால் பெயருக்கு முன்னால் பொருளைப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கடையில் இருப்பவையோ இரண்டு வேறு சாமான்கள்.

முதலாவது, டெப்லெட்டின் ஓரத்திலோ முதுகிலோ காந்தத்தால் வந்து பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் இடத்தில் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். மின்சாரமும் நாங்கள் தட்டும் எழுத்தும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போய்வருகின்றன. உள்ளே பற்றரி கிடையாது. ஐபேட் ப்ரோவுக்கென்று 2015இல் வந்த ஸ்மார்ட் கீபோர்டும், 2020இல் வந்த மேஜிக் கீபோர்டும், 2012இல் மைக்ரோசொஃப்ட் தன் சர்ஃபேஸ் டெப்லெட்டோடு கொண்டுவந்த மூடிக் கீபோர்டும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. டெப்லெட்டிலிருந்து கழற்றி எடுத்தால் இவற்றால் ஓர் எழுத்துக்கூட எழுத ஏலாது.

இரண்டாவது, புளூடூத் கீபோர்ட். இதற்குத் தனிப் பற்றரி, தனி ஆளி (சுவிட்ச்). டெப்லெட்டை அலுமாரிமேல் வைத்துவிட்டு மடியில் வைத்துத் தட்டினாலும் எழுதும். ஒரே கீபோர்ட்டைப் போனுக்கும் டெப்லெட்டுக்கும் மடிக்கணினிக்கும் மாற்றி மாற்றிப் பாவிக்கிற வசதி பலவற்றில் உண்டு. இதைக் ‘கழற்றுவது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அது ஒருபோதும் டெப்லெட்டோடு பூட்டியிருந்ததில்லை.

ஆகவே ‘கழற்றக்கூடிய’ என்பது முதலாவதன் குணம், ‘கம்பியில்லாத’ என்பது இரண்டாவதன் குணம். ஆங்கில விளம்பரத்தில் இரண்டு அடைமொழிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரு பொருளுக்கு இரண்டு குணம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற பொருளும் இருக்கிறது. 2024இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ ஃப்ளெக்ஸ் கீபோர்ட் பூட்டினாலும் எழுதும், கழற்றித் தள்ளி வைத்தாலும் புளூடூத்தில் எழுதும். அது மூன்றாவது இனம், எண்ணிக்கையில் குறைவு.

இது வெறும் சொல் வழக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் தன் பாடசாலைக்கு டெப்லெட்டுகளும் கீபோர்டுகளும் கேட்டு எழுதினார். டெப்லெட்டைப் புரொஜெக்டரில் மாட்டிவிட்டு, வகுப்பின் பின்வரிசையில் நின்றபடி பிள்ளைகளைக் கொண்டே தட்டச்சுச் செய்விக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கடிதத்தில் ‘பிரிக்கக்கூடிய கம்பியற்ற விசைப்பலகை’ என்று இருந்தது. வந்திறங்கியவை எல்லாம் முதல் இனம். வழங்கியவரிடம் கேட்டபோது, பிரிக்கலாம்தானே, கம்பியும் இல்லைத்தானே என்று சொன்னாராம். சொல்லை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. உலோகப் புள்ளியால் சேர்வதிலும் கண்ணுக்குத் தெரியக் கம்பி ஒன்றும் இல்லை. பின்வரிசைப் பிள்ளைகளுக்குத்தான் அது உதவவில்லை.

கம்பியில்லா என்ற சொல்லை இதனால் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பியில்லாத் தந்தி என்ற காலத்திலிருந்தே அதற்கு ‘அலை வழியாக’ என்ற பொருள் உறுதியாகிவிட்டது. புளூடூத்துக்கும், யூ.எஸ்.பி.யில் குட்டி அலைவாங்கி ஒன்றைச் செருகிப் பாவிக்கும் கீபோர்ட்டுக்கும் அது பொதுப்பெயராக நிற்கட்டும். முதல் இனத்துக்கு அதைப் பாவிக்கக் கூடாது என்பதே என் கோரிக்கை. அந்த இனத்துக்குத்தான் எங்களிடம் பெயர் இல்லை.

இனி, வந்த பெயர்கள். பிரிபலகை நல்ல ஓசை உள்ள சொல். ஆனால் நடுவால் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு கைக்கும் ஒரு பாதியாக வரும் கீபோர்டுகள் உண்டு. மணிக்கட்டு நோவுக்காக அவற்றை வாங்குகிறார்கள். பிரி என்ற வினையை அவற்றுக்கு மிச்சம் வைக்க வேண்டும். ஒட்டுப்பலகை என்றால் தச்சுவேலை செய்பவர் பிளைவூட்டைக் கொண்டுவந்து தருவார், அந்தப் பெயர் அங்கே எப்போதோ குடியேறிவிட்டது. தொடுபலகை தொடுதிரையில் தோன்றும் கீபோர்ட்டோடு குழம்பும். காந்தப்பலகை காந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறது. வெறும் மூடிகளும் காந்தத்தால்தான் ஒட்டுகின்றன.

கழல் விசைப்பலகையில் எனக்கு மனம் கொஞ்சம் நின்றது. இலக்கண அழகு உள்ள சொல். ஆனாலும், கழல்வது தானாக நடக்கும் காரியம். நட்டுக் கழன்றுவிட்டது, சில்லுக் கழன்றுவிட்டது என்று பழுதைச் சொல்லத்தான் அந்த வினையை எடுக்கிறோம். காசு கொடுத்து வாங்கும் பொருளின் பெயரிலேயே அந்தச் சாயல் வேண்டாம்.

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் ஒரு கடையில் நின்றபோது கேட்ட பேச்சு இது. டெப்லெட்டுக்குக் கீபோர்ட் வேண்டும் என்றார் வந்தவர். கடைத்தம்பி தலையை நிமிர்த்தாமலே, “புளூடூத்தா அண்ணே, கொளுவுறதா?” என்று கேட்டார். வந்தவருக்கு மறுவிளக்கம் தேவைப்படவில்லை. “கொளுவுறதுதான், சார்ஜ் போட்டுக்கொண்டிருக்க ஏலாது” என்றார். நாங்கள் மின்னஞ்சல் மின்னஞ்சலாகப் பிரித்துப் பிரித்து எழுதிய வேறுபாடு அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது.

என் பரிந்துரை அதுவேதான்: கொளுவு சாவிப்பலகை.

கொளுவு என்ற வினை எங்கள் பக்கத்தில் எவர் வாயிலும் வரும். சட்டையை ஆணியில் கொளுவுகிறோம். ரயில் இயந்திரத்தோடு பெட்டியைக் கொளுவுகிறார்கள். கொளுவி என்றால் கொக்கி. ஒன்றை இன்னொன்றில் மாட்டுவதும், வேண்டிய நேரம் எடுக்கலாம் என்பதும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. கொளுவியதைக் கழற்றலாம் என்பது சொல்லாமலே விளங்குவதால் ‘கழற்றக்கூடிய’ என்ற நீண்ட அடைமொழி தேவையற்றுப் போகிறது.

இலக்கணப்படி இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, குடிநீர் போல. கொளுவிய, கொளுவுகின்ற, கொளுவும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். நேற்றுக் கொளுவி, இன்று கழற்றி, நாளை திரும்பக் கொளுவப்போகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குத் தெரியவில்லை. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. ‘கொளுவுச் சாவிப்பலகை’ என்று யாராவது திருத்தினால் தயவுசெய்து தடுங்கள்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். சென்னையிலிருந்து எழுதும் நண்பர்களுக்குக் கொளுவு என்பது கொளுத்து போலக் கேட்கலாம், தீ நினைவுக்கு வரலாம். அகராதியில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஆனால் காது அகராதியைப் பார்த்துக் கேட்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ‘மாட்டு விசைப்பலகை’ என்று போட்டால் அங்கே மாடு வந்து நிற்கும். எனவே அங்கே புழங்குபவர்கள் வேறு நல்ல வினையைக் கண்டால் இரண்டையும் பக்கத்தில் வைப்போம். ஒரே சொல்லைக் கட்டாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. மற்ற மறுப்பு எங்கள் பக்கத்திலிருந்தே வரும்: யாழ்ப்பாணத்தில் ஒருவரோடு கொளுவிக்கொண்டார் என்றால் சண்டை பிடித்தார் என்று அர்த்தம். உண்மைதான். ஆனால் அந்தப் பொருளில் வருவது ‘ஒருவரோடு கொளுவு’. பொருளைப் பொருளில் கொளுவும்போது எவரும் சண்டையை நினைப்பதில்லை, சட்டையைக் கொளுவும்போது நினைக்காததைப் போல.

சாவியா, விசையா என்ற பழைய கேள்வியை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தாருக்குப் பூட்டைத் திறப்பது திறப்பு. அதனால் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சாவி என்ற சொல் கீபோர்ட்டுக்கு வேலை செய்ய ஓய்வாக இருந்தது. தமிழ்நாட்டில் சாவி பூட்டில் கிடப்பதால் விசை வந்தது என்பது என் ஊகம். கொழும்பில் இரண்டையும் கேட்கலாம். கொளுவு என்பது இரண்டின் முன்னாலும் நிற்கும்.

இதைவிட அவசரமாகத் தீர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்று எனக்குப் படுகிறது. புளூடூத் கீபோர்ட்டை முதல் தடவை டெப்லெட்டுக்கு அறிமுகப்படுத்தும்போது பெரும்பாலும் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதை அந்தக் கீபோர்ட்டிலேயே தட்டி என்ரர் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு கருவிகளும் தங்களுக்குள் ஓர் இரகசியத்தைப் பகிர்ந்து சேமித்துக்கொள்கின்றன. இது ஒரு தடவைதான் நடக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆளியைப் போட்டதும் பழைய இரகசியத்தை வைத்து ஒன்றையொன்று அடையாளம் கண்டு தொடர்புகொள்கின்றன. பல போன்களின் தமிழ் மெனுவில் இந்த இரண்டு செயலுக்கும் ‘இணை’ என்ற ஒரே சொல்லைப் போடுகிறார்கள். கீபோர்ட் எழுதவில்லை என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போது, “இணைச்சீங்களா?” என்று கேட்டால் அவர் எதற்கு ஓம் சொல்கிறார் என்று விளங்குவதில்லை. முன்னர் ஒரு நாள் அறிமுகப்படுத்தியதற்கா, இப்போது தொடர்பில் இருப்பதற்கா?

முதற் செயலுக்குச் ‘சோடி சேர்’ என்று வைக்கலாம். செருப்புச் சோடி, காப்புச் சோடி என்று நாங்கள் எப்போதும் புழங்கும் சொல். அன்றாடத் தொடர்புக்கு ‘இணை’ போதும். முதல் இனத்துக்கோ இரண்டுமே வேண்டாம், கொளுவினால் சரி. மெனுவில் வரும் வரிகள் இப்படி அமையும்: ‘சாவிப்பலகையைக் கொளுவுக’, ‘சாவிப்பலகை கழற்றப்பட்டது’, ‘புதிய கருவியைச் சோடி சேர்க்க’, ‘இணைப்பில் உள்ளது’. நான்கையும் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டினால், எந்த வரிக்குக் கை வேலை, எந்த வரிக்குத் திரை வேலை என்று பிரித்துச் சொல்லும் என நம்புகிறேன்.

மூன்றாவது இனத்துக்கு ‘இருநிலைச் சாவிப்பலகை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. இருநிலை என்பது வேறு பல துறைகளில் வேறு பொருளில் வருகிறது. பொருள் பரவலாக வரும்வரை விளக்கத் தொடராகவே விடலாம்.

டெப்லெட்டுக்குப் பலகைக் கணினி என்ற பெயரை இந்தச் சொல்லோடு சேர்த்தால் பலகையோடு பலகை மோதும். இந்தப் பதிவில் மட்டும் டெப்லெட் என்றே விடுவோம்.

சொற்கோவைக்கு நான் எழுதிய விளக்க வரி இது, திருத்துங்கள்:

கொளுவு சாவிப்பலகை: டெப்லெட்டின் ஓரத்திலோ முதுகிலோ மாட்டி, அங்குள்ள உலோகத் தொடுபுள்ளிகள் வழியாக மின்சாரமும் தரவும் பெற்று இயங்கும் சாவிப்பலகை. கழற்றிய நிலையில் இயங்காது. கம்பியில்லாச் சாவிப்பலகை வேறு.

கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன், விளக்கத்தில் எதிர்மறை வருவது வழக்கமில்லை. அந்தப் பாடசாலைக்கு நடந்ததைக் கருதி அதை வைத்திருக்க விரும்புகிறேன். மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் படிப்பிக்கும் நண்பர்கள், கொளுவு என்ற சொல் உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமா, அங்கே வேறு வினை புழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள கடைகளில் நான் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து