திருகத் திருக கார்க் மேலே ஏறாமல் கூடவே சுற்றுகிறது, ஏன்?

பட்டறை_புதுசு:
நான் செய்யும் கார்க் ஸ்க்ரூ (கார்க் திறப்பான்) இது: வைன் பாட்டில் வாயில் உட்காரும் கூடு, நடுவில் சுருள் கம்பி. இழுக்கவே வேண்டாம், கைப்பிடியை ஒரே திசையில் திருகினால் கார்க் சுருளில் ஏறி வெளியே வர வேண்டும் என்பதுதான் திட்டம். பாதிவரை வருகிறது, அப்புறம் சுருளோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கம்பி 3 மி.மீ. ஸ்டீல், பூச்சு இல்லை. எங்கே தப்பு? சரிசெய்தால் பேடன்ட் கிடைக்குமா? படம் நாளை போடுகிறேன்.

லேத்_கை:
இரண்டு பிடிகளுக்கு நடுவே நடக்கும் இழுபறி இது. 24 மி.மீ. கார்க்கை சுமார் 18.5 மி.மீ. கழுத்துக்குள் அமுக்கி வைத்திருக்கிறார்கள். கண்ணாடியின் பிடி சுருளின் பிடியைவிட அதிகமாக இருக்கும்வரைதான் கார்க் சுற்றாமல் ஏறும். பாதி வெளியே வந்ததும் கண்ணாடியைத் தொடும் நீளம் பாதியாகிறது. சுருளின் பிடியோ அப்படியே இருக்கிறது. அதனால்தான் சரியாக அந்த இடத்தில் மாட்டுகிறது.

முதலில் சுருளுக்கு டெஃப்லான் பூச்சு கொடுங்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஆலன் தன் ஸ்க்ரூபுல் என்ற கார்க் ஸ்க்ரூவில் செய்தது அதைத்தான். அடுத்து, கார்க் ஏறுவதற்கு இடம் வேண்டுமே: 49 மி.மீ. கார்க்குக்குச் சுருள் 100 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முனை வட்டத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும், நடுவுக்கு வளைக்காதீர்கள். நடுத்தண்டு உள்ள துரப்பண வகை என்றால் கார்க் தூளாகிவிடும். கைப்பிடி கூட்டில் உட்காரும் இடத்தில் ஒரு வாஷர் போட்டால் கை வலிக்காது.

பழைய_மரை:
கார்க் சுற்றுவதே குற்றமில்லை. 1795இல் இங்கிலாந்தில் சாமுவேல் ஹென்ஷால் என்ற பாதிரியார் வாங்கிய பேடன்ட் அதற்காகவேதான். சுருளின் மேல்முனையில் ஒரு வட்டத் தகடு. அது கார்க்கின் தலையை அழுத்தியதும் சுருள் மேற்கொண்டு இறங்காது, கார்க் திரும்பும், கண்ணாடியோடு ஒட்டியிருந்த ஒட்டு விடும். பிறகு கையால் இழுக்க வேண்டும். உங்கள் கருவியில் இழுப்பவர் யாரும் இல்லை, அதனால்தான் சிக்கல்.

1802இல் எட்வர்ட் தாமசன் இதைத் தாண்டினார்: சுருள் முழுதும் இறங்கியபின் அதே திசையில் திருகினால் இரண்டாவது மரை ஒன்று சுருளையே மேலே தூக்கும். கார்க் சுற்றினாலும் கவலையில்லை. எதிர்த்திசையில் திருகினால் கார்க் கழன்று விழும். அழகான வேலை, ஆனால் கடைசல் செலவு அதிகம்.

கோரிக்கை_எண்1:
மேலே சொன்ன பேடன்ட்கள் எல்லாம் காலாவதி. தாராளமாகச் செய்யலாம், ஆனால் “தொடர்ந்து திருகினால் கார்க் ஏறும்” என்பதையே உங்கள் கண்டுபிடிப்பாகப் பேடன்ட் விண்ணப்பத்தில் கோரினால் நிராகரிப்பார்கள். பழைய பேடன்ட்களைப் பி67பி 7/04 என்ற பேடன்ட் வகைப்பாட்டில் தேடுங்கள். கார்க் ஸ்க்ரூக்கள் அங்கேதான் இருக்கின்றன.

கூட்டின் உள்சுவரில் நெடுக்காக நாலைந்து வரம்புகள் (மேடான கோடுகள்) வைத்துப் பாருங்கள். வெளியே வந்த கார்க் விரியும், வரம்பு அதைப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடி விட்ட பிடி ஈடாகும். இதுவும் ஏற்கெனவே வந்திருக்கலாம். தேடிய பிறகே கோரிக்கை எழுதுங்கள், அதிலும் வரம்பின் வடிவத்தையும் இடத்தையும் குறிப்பாக.

நாளை படம் போடாதீர்கள். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் பேடன்டுக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அப்படி இல்லை. விண்ணப்பத் தேதி கையில் வந்த பிறகு போடுங்கள்.