வெயிலுக்கு முன் மொட்டை அடித்துவிடலாமா?

காட்பாடி செல்வி:
எங்கள் ஷிட்ஸூ நாய்க்கு நான்கு வயது. வயிறு சரியில்லாமல் போனதில் வாலுக்குக் கீழே முடியில் மலம் ஒட்டிக் காய்ந்துவிட்டது. தொட்டாலே கத்துகிறது, ஈயும் மொய்க்கிறது. அக்னி நட்சத்திரம் வேறு வரப்போகிறது. உடம்பு முழுக்க மொட்டை அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா?

சத்துவாச்சாரி குமார்:
தாராளமாக அடியுங்கள். சுற்றிலும் பாறை மலை, நம் வேலூரில் ராத்திரியிலும் அனல் இறங்காது. என் பொமரேனியனுக்கு வருஷா வருஷம் ஏப்ரலில் ஒட்ட வழித்துவிடுகிறேன். உண்ணி இருந்தால் உடனே கண்ணில் படும். குளிப்பாட்டத் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்.

பாலாற்றங்கரை:
குமார் அண்ணா, பொமரேனியனுக்கு அதைச் செய்யாதீர்கள். அதற்கு முடி இரண்டு அடுக்கு. மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கும். அடியில் உதிர்ந்து கிடப்பதைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும். ஒட்ட வழித்தால் சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாகத்தான் திரும்ப முளைக்கும். எங்கள் ஸ்பிட்ஸுக்கு ஒரு கடையில் வழித்தார்கள், ஒன்றரை வருஷம் முதுகில் முடியே வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது.

செல்வி அக்கா, ஷிட்ஸூ முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். ஓர் அங்குலம் விட்டு உடம்பில் குறைக்கலாம். ஆனால் உங்களுக்கு இப்போது அவசரம் வாலுக்குக் கீழேதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு டிரிம்மரால் எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். சிக்கு விழுந்த இடத்தில் தோலும் முடியோடு மேலே இழுபட்டு நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். ஈ மொய்க்கிறது என்றால் இன்றைக்கே செய்யுங்கள், ஒரே நாளில் புழு வைத்துவிடும். அப்படியே அடிவயிறு, சிறுநீர் போகும் இடம், உள்ளங்கால் விரல் இடுக்கு எல்லாம் குறைத்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்காது.

சத்துவாச்சாரி குமார்:
தம்பி, தினமும் உட்கார்ந்து சீவ யாருக்கு நேரம்? நான் காலையில் போனால் ராத்திரிதான் வருவேன். வீட்டில் அம்மாவுக்கு மூட்டு வலி. சிக்கு விழுந்து புண்ணாவதைவிட மொட்டை மேல் இல்லையா?

பாலாற்றங்கரை:
அந்தக் கஷ்டம் புரிகிறது அண்ணா. தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிஷம் போதும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் சீவுங்கள். சிக்கோடு நனைத்தால் அது இன்னும் இறுகிவிடும். நாம் போடும் ஷாம்பு மட்டும் வேண்டாம், அதன் தோலுக்கு ஒத்துவராது.

தொரப்பாடி பூனைக்காரி:
பெர்ஷியன் பூனைக்கும் வாலடி இப்படித்தான் எடுக்க வேண்டும். குமார் சார் உண்ணி பற்றிச் சொன்னதால் ஒன்று: நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் போட்டுவிடாதீர்கள். உயிரே போய்விடும்.

காட்பாடி செல்வி:
எடுத்துவிட்டோம். ஊறவைக்க மட்டும் அரை மணி நேரம் ஆனது. உள்ளே தோல் சிவந்திருந்தது, புழு இல்லை. டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறது.

சத்துவாச்சாரி குமார்:
நல்லது. சரி, நானும் இந்த வருஷம் வாலடியும் பாதமும் மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் மே மாதம் ரொம்ப இரைத்தால் வழித்துவிடுவேன்.

பாலாற்றங்கரை:
அண்ணா, நாய் இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். ரொம்ப இரைத்தால் வயிற்றையும் பாதத்தையும் நனைத்து, ஃபேன் போட்டுவிட்டு, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டிரிம்மரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.