இருபது வருடம் களைநாசினி அடித்த அப்பாவுக்கு லிம்போமா

வெள்ளவத்தை மகன்: அப்பா அட்டன் பக்கம் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டாங்கி, வெறுங்கால், வாயைச் சுற்றி ஒரு துவாய், அவ்வளவுதான். சட்டை முதுகெல்லாம் நனைந்தே வீட்டுக்கு வருவார். அம்மா அதை வெறுங்கையால் துவைப்பார். இப்போது என்னோடு கொழும்பில். கழுத்தில் நெறிகட்டி, பயாப்சியில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். மருந்துதான் காரணமா?

தெஹிவளை அக்கா: தம்பி, ஒரு ஆளைக் காட்டி ‘இதனால்தான்’ என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியை 2ஏ பிரிவில், அதாவது ‘மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கும் சாத்தியம் அதிகம்’ என்ற பிரிவில் போட்டது. அங்கே பேசப்பட்டது லிம்போமாவில் ஒரு வகையான நொன்-ஹொட்ஜ்கின் லிம்போமாதான், ஆனால் மனிதரில் சான்று மட்டுப்பட்டது என்றார்கள். சிவப்பு இறைச்சியும் 2ஏதான். எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. அமெரிக்கச் சூழல் முகமை கிளைபோசேட்டை அப்படிப் பிரித்ததை ஏற்கவில்லை.

கொட்டாஞ்சேனை: நம் நாட்டில் 2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை வந்தது சிறுநீரக நோய்ப் பயத்தால். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்குக் கொடுத்தார்கள். தோட்டத்துக்காரன் தோல் யாருக்குக் கணக்கு!

வெள்ளவத்தை மகன்: அப்பா அடித்தது கிளைபோசேட் மட்டுமில்லை, கிரமொக்சோன் என்ற பரகுவாட் களைநாசினியும்தான். எது எந்த வருடம் என்று கேட்டு எழுதி வைக்கிறேன்.

தெஹிவளை அக்கா: அதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அம்மாவையும் ஒருமுறை கூட்டிப்போங்கள்.