புதுப்பிப்பு: படகு தண்ணீரில் இறங்கிவிட்டது

குளிர்காலத்தில் கரையேற்றிய பாய்மரப் படகைப் பழுதுபார்ப்பது பற்றி முன்பு எழுதி, அடிப்பகுதி வால்வுகளை (படகின் அடியில் கடல்நீர்க் குழாய்களைத் திறந்து மூடுபவை) மாற்ற வேண்டுமா என்றும் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். கழற்றிய பித்தளை வால்வு ஒன்றைச் சுரண்டினால் உள்ளே இளஞ்சிவப்பு! உப்புநீரில் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் கடற்பஞ்சு போல மிஞ்சியிருக்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டியதும் உதிர்ந்தது. இப்போது எல்லாம் வெண்கலம். குழாய் பிய்ந்தால் அடைப்பதற்காக, ஒவ்வொரு வால்வின் அருகிலும் கூம்பு வடிவ மரத் தக்கை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களும் புதியவை. புது வடம் முதல் சில ஓட்டங்களில் சற்று நீண்டு தளரும். காற்று மறைவுப் பக்கத்து (காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்து) வடங்கள் தொய்கின்றனவா என்று பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். அதனால் பயணத்தின் முதல் கட்டம் கரையோரமாகத்தான். மெத்தை உறைகள் பழையபடியே கிழிசலோடு இருக்கின்றன. அழகு காத்திருக்கட்டும்.

நாளை காலை ஓதம் வடியத் தொடங்கியதும் புறப்படுகிறோம். முன்னறிவிப்பில் காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகம். அதற்கு மேல் வலுத்தால் பெரிய பாயை ஒரு மடிப்புக் குறைத்துக்கொள்வோம். வடங்கள் எப்படி இருக்கின்றன என்று வழியில் எழுதுகிறேன்.