‘ரிவர்ஸ் எட்ஜ்’: ப்ளஸ் டூ பசங்களுக்குப் போட்டுக் காட்டலாமா?

கெடிலக்கரை:
சனிக்கிழமை ராத்திரி முத்தியால்பேட்டையில ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில ‘ரிவர்ஸ் எட்ஜ்’ போட்டோம். டிம் ஹண்டர் எடுத்த 1986ஆம் வருஷத்துப் படம். பார்க்காதவங்களுக்காகக் கதை: பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் காதலியைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு, ஆத்தங்கரையில போட்டுட்டு வந்து அவனே கூட்டாளிங்ககிட்ட சொல்றான். நம்பாம போய்ப் பார்க்கறாங்க. பார்த்துட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடறாங்க. கலிஃபோர்னியாவுல மில்பிடாஸ்ங்கற ஊர்ல 1981ல நடந்த கொலைதான் இதுக்கு மூலம். செத்த பொண்ணுக்கு வயசு 14, கொன்னவனுக்கு 16.

இதை ப்ளஸ் டூ பசங்களுக்குப் போடணும்னு நண்பர் ஒத்தைக் கால்ல நிக்கறார். நான் வேணாங்கறேன். படத்துல எல்லாப் பசங்களும் மரக்கட்டை. செத்தவ அவங்க கூடவே சுத்தினவ, ஆனா ஒருத்தர் கண்ணுலயும் பொட்டுத் தண்ணி இல்ல. பெரியவங்க பசங்க மேல போடற பழி இது. நம்ம தேவனாம்பட்டினத்துல ஒரு பொணம் ஒதுங்கினா அரை மணி நேரத்துல ஊரே கூடிடாதா?

பாண்டி டீச்சர்:
சார், தண்ணி இல்லைன்னு நீங்க சொல்றதை அந்தக் கூட்டாளிங்கள்ல ஒருத்தி, கிளாரிஸாவே கேக்கறாளே, கவனிக்கலையா? டிவியில ஏதோ படம் பார்த்தப்ப அழுதேன், இவளுக்கு ஏன் அழுகை வரலைன்னு. மரக்கட்டை அப்படிக் கேக்குமா?

ஊர் கூடும், சரி. கூடினவங்கள்ல எத்தனை பேர் வாயைத் திறப்பாங்க? என் வகுப்புல நடந்தது சொல்றேன். பள்ளிக்கூடம் வேணாம், வருஷம் வேணாம். பஸ் ஸ்டாப் பின்னாடி நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை அடிச்சு, மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு. மறுநாள் கட்டோட வந்து உக்காந்தான். யார் அடிச்சதுன்னு வகுப்பு முழுக்கத் தெரியும். ஒருத்தர் விடாம தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டேன். “கீழ விழுந்துட்டான் மிஸ்.” அத்தனை பேரும் அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறல. ஒப்பிக்கச் சொன்னா திருக்குறள் இப்படி வராது.

மூணாம் நாள் சாயங்காலம் ஒருத்தன் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு பேர் சொன்னான். சொல்லிட்டு, “நாளைக்கு எல்லாரையும் திட்டும்போது என்னையும் சேர்த்துத் திட்டுங்க மிஸ். இல்லன்னா கண்டுபிடிச்சுடுவாங்க”ன்னான். திட்டினேன். அவனைத்தான் ரெண்டு வார்த்தை கூடுதலா.

கெடிலக்கரை:
டீச்சர், மணிக்கட்டும் கொலையும் ஒண்ணா? அங்க கஞ்சா, குடி, பிள்ளை எங்க போனான்னு கேக்காத அம்மா. அந்தச் சூழலே வேற.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
அண்ணே, இங்க கஞ்சா இல்லையா? நல்லா கேட்டீங்க போங்க. சென்னையில ‘ரூட்டு தல’ன்னு பஸ்ஸுக்கு ஒரு தலைவன் வெச்சுக்கிட்டு காலேஜ் பசங்க கத்தியோட மோதினாங்களே, அவங்க பெத்தவங்க யாரும் கலிஃபோர்னியாவுல இல்ல.

சட்டத்தையும் சொல்லிடறேன். கொலைன்னு தெரிஞ்சா போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் கொடுக்கறது எல்லாருக்கும் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (சி.ஆர்.பி.சி.) 39ஆம் பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 33. நியாயமான காரணம் இருந்தா விலக்கு உண்டு. ஆனா அந்தக் காரணத்தை நிரூபிக்க வேண்டியது சொல்லாதவன்தான். மில்பிடாஸ்ல பொணத்து மேல இலையைப் போட்டு மூட உதவின பையனுக்கும் தண்டனை விழுந்துச்சு.

ஆனா எனக்கும் படத்துமேல ஒரு கோபம் இருக்கு. கொன்னவன் கடைசியில வேற ஒருத்தன் சுட்டுச் சாகறான். நிஜத்துல அவன் சாகல, சிறைக்குப் போனான். சுட்டுக் கணக்கைத் தீர்த்தது சினிமாவுக்காக.

கெடிலக்கரை:
அந்த லெய்ன்ங்கற பையன், “நண்பனை விட்டுக்கொடுக்கக் கூடாது”ன்னு காரை எடுத்துக்கிட்டு ராத்திரி பூரா அலையறானே. அவன் செய்யறது தப்புதான். ஆனா அதுக்குள்ள ஒரு செஞ்சோற்றுக் கடன் இருக்கில்ல? இதைப் பார்க்கற பையன் அவனைத்தான் ஹீரோவா எடுத்துப்பான். என் பயமே அதுதான்.

பாண்டி டீச்சர்:
பயம் நியாயம்தான் சார். பட்டிமன்றத்துல கும்பகர்ணனுக்குத்தானே எப்பவும் கைத்தட்டல்? வீடணனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னா கூட்டம் கொட்டாவி விடும். ‘போட்டுக்கொடுத்தவன்’, ‘எட்டப்பன்’னு திட்ட நம்மகிட்ட வார்த்தை நிறைய. உண்மையைச் சொன்னவனைப் பாராட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்.

ஆனா லெய்ன் கும்பகர்ணன் இல்ல. கும்பகர்ணன் அண்ணன் முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்லிட்டுத்தான் சாகப் போனான். லெய்னுக்கு செத்த பொண்ணைப் பத்திக் கவலையே இல்ல. ஒரு ஆபத்து கிடைச்சுடுச்சு, கூட்டத்தை ஒட்டவைக்கலாம்னு சந்தோஷப்படறான்.

மாடிப்படி:
வணக்கம். புதுசா சேர்ந்திருக்கேன். வயசு 17. முழுப் படமும் பார்த்தேன்.

முதல் சீன் யாருமே பேசல. ஒரு சின்னப் பையன் பாலத்துமேல நின்னு தங்கச்சியோட பொம்மையை ஆத்துல போடறான். அப்பத்தான் கரையில கொன்னவனையும் பார்க்கறான். எனக்கு அந்தப் பொம்மைதான் தூக்கத்துல வந்துச்சு.

அப்புறம் மேட்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தன். அவன்தான் போலீசுக்குப் போறான். போலீஸ் அவனையே குடையுது, ஏன் முன்னாடியே சொல்லல, பார்த்தப்ப என்ன தோணுச்சுன்னு. அவனுக்குப் பதில் தெரியல. சொல்லு சொல்லுன்னு எல்லாரும் எழுதறீங்க. சொன்னவன் மறுநாள் எந்த பெஞ்சுல உக்காருவான்? எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல அடிச்ச வீடியோ வந்தா முதல்ல சிரிக்கற எமோஜி ஒண்ணு விழும். அப்புறம் முப்பது. நானும் போட்டிருக்கேன். போடாதவன் யாருன்னு பார்ப்பாங்க.

கெடிலக்கரை:
தம்பி, நீ எப்படிப் பார்த்த? பதினெட்டுக்குக் கீழ யாரையும் கூப்பிடலையே.

மாடிப்படி:
கீழ் வீட்டுல குடியிருக்கோம் அண்ணே. மாடிக் கதவை நீங்க சாத்தல. என்கூட இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க. பேர் கேக்காதீங்க.